மே மாத வார இறுதியில் ஷாஸ்டா உச்சி: அவலாஞ்ச் கல்ச் வழியாக ஏறி இறங்க முழு வழிகாட்டி

வடக்குக் கலிபோர்னியாவில் ஐ-5 நெடுஞ்சாலையில் ரெட்டிங்கைத் தாண்டிப் போனால் எதிரே தனியாக எழுந்து நிற்கும் வெள்ளை மலைதான் ஷாஸ்டா. உயரம் 14,179 அடி, அதாவது 4,322 மீட்டர். காஸ்கேட் எரிமலைத் தொடரில் ரெய்னியருக்கு அடுத்த உயரமான சிகரம் இது. சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேர ஓட்டம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, சனிக்கிழமை பாதி மலை ஏறித் தங்கி, ஞாயிறு காலை உச்சியைத் தொட்டு இறங்கிவிடலாம். அதனால்தான் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் பலருக்கும் முதல் பனிமலை ஷாஸ்டாவாக அமைகிறது.

"ஹாஃப் டோம் ஏறிட்டோம், அடுத்து ஷாஸ்டாதான்" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கால் பலத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் யோசெமிட்டியின் பாறைச் சிகரமான ஹாஃப் டோமில் பாதை இருக்கிறது, கடைசியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஷாஸ்டாவில் மே மாதத்தில் பாதையே கிடையாது, வெறும் பனி மூடிய சரிவு. கால் வழுக்கினால் தடுத்து நிறுத்துவது உங்கள் கையில் இருக்கும் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடாரி மட்டும்தான். இன்னொன்றும் உண்டு. அதிகாலை நான்கு மணிக்குக் கல்லாக இறுகிக் கிடக்கும் அதே பனி, பகல் ஒரு மணிக்கு முழங்கால் வரை உள்ளே வாங்கும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: பனியின் நேரத்துக்கு நாம் நடக்க வேண்டும், நம் நேரத்துக்குப் பனி இருக்காது.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மலையின் தென்மேற்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்ச் கல்ச் என்ற அகன்ற பள்ளம்தான் வழக்கமான வழி. இதற்கு ஜான் மியூர் வழி என்றும் பெயர். கார் நிற்கும் இடம் பன்னி பிளாட், 6,950 அடி. அங்கிருந்து மரங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தால் ஹார்ஸ் கேம்ப், 7,900 அடி. சியரா கிளப் 1920-களின் தொடக்கத்தில் கட்டிய கல் குடில் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் மரம் கிடையாது. படிப்படியாக ஏறி 10,443 அடியில் ஹெலன் லேக் என்ற சமதளத்துக்கு வந்து சேர்வோம். பெயர்தான் ஏரி, வசந்தத்தில் தண்ணீர் கண்ணில் படாது, எல்லாம் பனிக்கு அடியில். இங்கேதான் கூடாரம்.

ஹெலன் லேக்கிலிருந்து மேலே பார்த்தால் பள்ளம் செங்குத்தாகிக்கொண்டே போவது தெரியும். நடுவே பனி மூடாத பாறைத் திட்டு ஒன்று, அதற்கு ஹார்ட் என்று பெயர். அதை இடப்பக்கம் விட்டு, வலப்பக்கமாக ஏற வேண்டும். அதற்கும் மேலே குறுக்கே ஓடும் செந்நிறப் பாறைச் சுவர் ரெட் பேங்க்ஸ். அந்தச் சுவரில் உள்ள பனி இடுக்குகளில் ஒன்றின் வழியாகவோ, வலது ஓரத்தில் தம்ப் ராக் பக்கத்து மேட்டின் வழியாகவோ மேலே போகலாம். பிறகு மிசரி ஹில் என்ற சலிப்பூட்டும் நீண்ட ஏற்றம், அதன் பின் கிட்டத்தட்ட சமமான பனிவெளி, கடைசியில் சிறிய பாறைக் கூம்பு. அதுதான் உச்சி.

மொத்த ஏற்றம் 7,200 அடிக்கு மேல். சனிக்கிழமை அதில் பாதி, ஞாயிறு மறுபாதி. ஆனால் ஞாயிறு அன்று ஏறுவதோடு முடியாது, கார் வரை முழு மலையையும் இறங்கியாக வேண்டும்.

எந்த வார இறுதி?

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை நல்ல காலம். ஏப்ரலில் புயல்கள் வந்துகொண்டே இருக்கும், புதுப்பனி சரிவில் உறுதியாகப் பிடித்திருக்காது. ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு பனி உருகிப்போய், அதுவரை பனி பிடித்து வைத்திருந்த கற்கள் உருளத் தொடங்கும். பனி குறைந்தால் எளிது என்று சமவெளிக்காரர்கள் நினைப்போம். இந்த வழியில் அது நேர்மாறு. பனி நிறைய இருக்கும்போதுதான் ஏறுவதும் இறங்குவதும் பாதுகாப்பு.

கிளம்பும் வாரத்தில் திங்கள்கிழமையிலிருந்தே மவுண்ட் ஷாஸ்டா அவலாஞ்ச் சென்டரின் தளத்தைப் பாருங்கள். மலையில் ரோந்து போகும் வனத்துறை ரேஞ்சர்கள் வழியின் நிலவரத்தை அங்கே எழுதுகிறார்கள். அப்புறம் தேசிய வானிலை சேவையின் முன்னறிவிப்பு. அதில் ஊருக்கான கணிப்பைப் பார்த்துப் பயனில்லை, வரைபடத்தில் மலையின் மேல்பகுதியைத் தொட்டு அந்த உயரத்துக்கான கணிப்பை எடுங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, காற்று. உச்சிப் பகுதியில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தால் நான் வேறு வாரம் பார்த்துக்கொள்வேன். மலையின் தலையில் தட்டு தட்டாக வழவழப்பான மேகம் உட்கார்ந்திருந்தால் மேலே பேய்க்காற்று அடிக்கிறது என்று அர்த்தம். கீழே இலை கூட அசையாமல் இருக்கலாம், அதை நம்பாதீர்கள்.

இரண்டு, புதுப்பனி. வழியின் பெயரிலேயே அவலாஞ்ச், அதாவது பனி சரிந்து விழுவது, இருக்கிறது. புதிதாகப் பனி விழுந்திருந்தால் குறைந்தது இரண்டு மூன்று நாள் மலையை விட்டுவைக்க வேண்டும், பிறகும் அவலாஞ்ச் சென்டரின் அறிக்கையைப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது பலரும் பார்க்காதது: இரவில் பனி உறையுமா? பகலில் இளகிய பனி இரவில் இறுகினால்தான் காலையில் கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூரிய பற்கள்) நன்றாகப் பிடிக்கும், கற்களும் இடம் பெயராமல் இருக்கும். மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். அதனால் காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனி இறுகிவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் வெளியேறாது, பனி சொதசொதவென்றே கிடக்கும். "மழை இல்லை, மேகமூட்டம் மட்டும்தான், கிளம்பலாம்" என்பது இங்கே தவறான முடிவாகிவிடுவது இதனால்தான்.

உடம்பு

எட்டு வாரமாவது தேவை. வாரம் ஒருமுறை நீண்ட ஏற்றம், முதுகில் சுமையோடு. ஃப்ரீமாண்டின் மிஷன் பீக் இதற்கு அருமையான இடம், ஒரு ஏற்றத்தில் இரண்டாயிரம் அடி கிடைக்கும். முதலில் ஐந்து கிலோ, பிறகு பத்து, கடைசி வாரங்களில் பதினைந்து கிலோவோடு ஒரே நாளில் இருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சாமல் இருந்தால் தயார். சுமைக்குத் தண்ணீர்க் கேன் வைத்துக்கொண்டால் உச்சியில் கொட்டிவிட்டு இறங்கலாம், முட்டி பிழைக்கும். வார நாட்களில் இரண்டு மூன்று முறை ஓட்டமோ படி ஏறுவதோ போதும்.

ஜிம்மில் எவ்வளவு உழைத்தாலும் உயரம் வேறு விஷயம். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். கடலோரத்தில் வாழும் நாம் ஒன்றரை நாளில் அங்கே போய் நிற்கிறோம். ஆகவே வெள்ளி இரவே பன்னி பிளாட் உயரத்தில் உறங்குவது பெரிய உதவி. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், சல்பா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பொருட்கள்

வாடகைக்கே எடுக்கலாம். மலையடிவாரத்து மவுண்ட் ஷாஸ்டா ஊரிலுள்ள ஃபிஃப்த் சீசன் கடையில் பூட்ஸ், கிராம்பான், ஆக்ஸ் எல்லாம் கிடைக்கும். மே, ஜூன் வார இறுதிகளில் கூட்டம் அதிகம் என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

விட்டுக்கொடுக்கவே கூடாதவை: அடிப்பாகம் வளையாத மலையேற்ற பூட்ஸ், அதில் கச்சிதமாக உட்காரும் எஃகு கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், ஹெல்மெட், ஹெட்லேம்ப், அதற்கு மாற்று பேட்டரி, பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. கிராம்பானை வீட்டிலேயே பூட்ஸில் மாட்டி, தூக்கி உலுக்கிப் பாருங்கள். ஆடினால் அளவு சரியில்லை. கையுறையோடும் மாட்டிப் பழகுங்கள், இருட்டில் குளிரில் அப்படித்தான் மாட்ட வேண்டிவரும். புதுப்பனி இருக்கும் வாரமென்றால் பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் அவலாஞ்ச் பீக்கன் கருவி, துருவும் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

உடையில் பருத்தி எதுவும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்ற மறுநிமிடம் குளிர் எலும்பில் ஏறும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதற்கு மேல் ஃபிளீஸ், காற்றும் மழையும் புகாத மேற்சட்டை, நின்று ஓய்வெடுக்கும்போது போட மென்மையான இறகு அடைத்த ஒரு தடித்த டவுன் ஜாக்கெட். கையுறை இரண்டு ஜோடி. ஸ்லீப்பிங் பேக் மைனஸ் பத்து டிகிரி தாங்க வேண்டும்.

சன்ஸ்கிரீன் நம் நிறத்துக்குத் தேவையில்லை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பனி வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் எல்லாம் தடவுங்கள். கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தால் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டிய எரிச்சல் வரும், திறக்கவே முடியாது.

சாப்பாடு: புளியோதரை இரண்டு நாள் தாங்கும், சனிக்கிழமை மதியத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. இரவுக்கு வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடுகிற உப்புமா அல்லது நூடுல்ஸ். ஹெலன் லேக் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே கொதித்துவிடும், அரிசி பருப்பெல்லாம் அங்கே வேகாது. உச்சி நாளுக்குக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், முறுக்கு. இனிப்பு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். உயரத்தில் பசி மரத்துப்போகும்போது உப்பும் காரமும்தான் உள்ளே இறங்கும்.

ஐஸ் ஆக்ஸ்: இதைப் பழகாமல் போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். ஷாஸ்டா ஊரிலுள்ள வழிகாட்டி நிறுவனங்கள் ஒருநாள் பயிற்சி நடத்துகின்றன. முதல்முறை பனியில் கால்வைப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. காணொளி பார்த்துக் கற்றால் தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. வழுக்கும்போது வேலை செய்வது கைதான்.

ஏறும்போது ஆக்ஸ் எப்போதும் மேட்டுப்பக்கக் கையில் இருக்கும். திரும்பி எதிர்த்திசையில் ஏறினால் கையை மாற்ற வேண்டும். பிடி இப்படி: உள்ளங்கை ஆக்ஸின் தலைமேல், கட்டைவிரல் தட்டைப் பக்கத்துக்கு அடியில், மற்ற விரல்கள் கூரிய அலகின் மேலே வளைந்து. வழுக்கிய கணத்தில் மற்றொரு கை தண்டின் அடிமுனைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். அப்போது ஆக்ஸ் மார்பின் குறுக்கே சாய்வாகவும், அதன் தலை உங்கள் தோள்பட்டையை ஒட்டியும் இருக்கும். உடனே ஆக்ஸின் தலை இருக்கும் பக்கமாகப் புரண்டு குப்புற விழுங்கள், தோளின் முழு எடையையும் அதன் தலைமேல் போடுங்கள், அலகு பனிக்குள் இறங்கும். அடிமுனைக் கையை மேலே இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அது பனியில் குத்தி ஆக்ஸையே பிடுங்கிவிடும். கால்களை அகட்டி முட்டியை அழுத்துங்கள். கிராம்பான் மாட்டியிருந்தால் பாதங்களைப் பனியில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். வேகமாகச் சறுக்கும்போது கிராம்பான் பல் பட்டால் கால் மாட்டிக்கொண்டு உடம்பு குட்டிக்கரணம் போடும்.

இதை ஹார்ஸ் கேம்புக்கு மேலே, கீழ்ப்பகுதி சமமாக முடியும் சிறிய சரிவில் சனிக்கிழமையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பயிற்சியின்போது கிராம்பான் வேண்டாம், ஹெல்மெட் வேண்டும். குப்புற விழுவது, மல்லாந்து விழுவது, தலைகீழாக வழுக்குவது எல்லாவற்றையும் பழகுங்கள். வழுக்கிய முதல் ஓரிரு நொடிக்குள் நிறுத்தினால்தான் உண்டு. இறுகிய பனியில் வேகம் பிடித்துவிட்டால் எந்தப் பிடியும் நிற்காது. ஆகவே வழுக்காமல் நடப்பதே முதல் பாதுகாப்பு.

வெள்ளியும் சனியும்

வேலை முடிந்து மாலையில் கிளம்பினால் நள்ளிரவுக்குள் பன்னி பிளாட் போய்விடலாம். எவரிட் மெமோரியல் நெடுஞ்சாலை அதுவரை குளிர்காலத்திலும் திறந்திருக்கும். வாகன நிறுத்தத்திலேயே பலர் வண்டியில் உறங்குகிறார்கள். காலையில் எழுந்ததும் அனுமதி வேலை: வனப்பகுதி அனுமதிச் சீட்டு இலவசம், நீங்களே எழுதிப் போட்டுக்கொள்ளலாம். 10,000 அடிக்கு மேல் போக சம்மிட் பாஸ் தனியாக வாங்க வேண்டும். மூன்று நாள் பாஸ் 25 டாலர், மாறியிருக்கிறதா என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. நாய் கூடாது.

மலக்கழிவுப் பையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும், ஆளுக்கு இரண்டு எடுங்கள். மலையில் கழித்ததை நாம்தான் சுமந்து இறங்க வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹெலன் லேக்கில் அத்தனை பேரும் குடிப்பது அந்தப் பனியை உருக்கித்தான் என்பதை நினைத்தாலே போதும். வின்னமெம் விண்டு உள்ளிட்ட இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு இது புனித மலை என்பதும் நம் நினைவில் இருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணி வாக்கில் நடக்கத் தொடங்கினால் போதும். ஹார்ஸ் கேம்பில் சற்று இளைப்பாறி, ஆக்ஸ் பயிற்சி செய்து, மதியம் மூன்று மணிக்குள் ஹெலன் லேக் சேர்வது நல்ல கணக்கு. பேச்சு நிற்காத வேகத்தில் நடங்கள். இந்த நாளில் வேகமாக ஏறி ஒன்றும் ஆகப்போவதில்லை. முழு மூட்டையோடு ஹெலன் லேக் வரை சிரமம் என்று தோன்றினால், சிறு கட்டணம் கட்டி ஹார்ஸ் கேம்பிலேயே கூடாரம் போடலாம். சுமை குறையும், ஆனால் ஞாயிறு ஏற்றம் 2,500 அடி கூடும்.

ஹெலன் லேக்கில் கூடாரத்தின் முளைகள் பனியில் நிற்காது. சாமான் பைகளில் பனியை அடைத்து, கயிறு கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். அரைமணியில் இறுகிக் கல்லாகும். காற்று வரும் பக்கம் இடுப்பளவுக்குப் பனிச்சுவர் எழுப்பினால் இரவில் தூங்கலாம்.

அப்புறம் தண்ணீர். அன்றைய மாலையின் பெரிய வேலையே இதுதான், ஆளுக்கு நாலைந்து லிட்டர் உருக்க வேண்டும். பாத்திரத்தில் வெறும் பனியைப் போட்டு ஸ்டவ்வில் வைத்தால் அடி தீய்ந்து தண்ணீரில் கருகல் வாடை வரும். முதலில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைச் சேருங்கள். கூடாரங்களிலிருந்து தள்ளி, மேட்டுப்பக்கத்தில் வெள்ளையாக இருக்கும் பனியை மட்டும் எடுங்கள். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடாக இருக்கும், காலையில் உறையாத தண்ணீரும் கிடைக்கும். கூடாரத்தின் உள்ளே ஸ்டவ் பற்ற வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமல் ஆளைக் கொல்லும்.

ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள். தூக்கம் சரியாக வராது, எல்லோருக்கும் அப்படித்தான். லேசான தலைவலி சகஜம். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும், கூடவே ஒருவர் போக வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கோட்டில் குதிகாலை ஒட்டிக் கட்டைவிரல் வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் அது மூளை வீங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஞாயிறு: மேலே

எழுவது ஒரு மணிக்கு, நடப்பது இரண்டரைக்குள். கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் பூட்ஸால் பனியை ஓங்கி மிதியுங்கள். கால் உள்ளே போகாமல் டொக்கென்று நின்றால் பனி உறைந்திருக்கிறது, கிளம்பலாம். கணுக்கால் வரை இறங்கினால் இரவில் உறையவில்லை. அந்த நிலையில் மேலே போகாதீர்கள். மற்றவர்களின் ஹெட்லேம்ப் வரிசை மேலே நகர்வதைப் பார்த்துக் கால் பரபரக்கும், பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

கிராம்பானைக் கூடாரத்தருகே சமதளத்திலேயே மாட்டிவிடுங்கள். சரிவின் நடுவில் மாட்டுவது ஆபத்து. ஹெலன் லேக்கிலிருந்து ரெட் பேங்க்ஸ் வரையிலான சரிவுதான் இந்த வழியிலேயே கடினமானது, மேலே போகப் போக 35 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு அடியிலும் பின்காலின் முட்டியை நேராக நிமிர்த்தி, எடையை எலும்பில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அடுத்த அடி. இதை ரெஸ்ட் ஸ்டெப் என்பார்கள். நிற்காமல் மெதுவாகப் போவதுதான் இங்கே வேகம். கிராம்பானின் பற்கள் எல்லாம் பனியில் படும்படி பாதத்தைத் தட்டையாக வையுங்கள், பூட்ஸின் ஓரத்தை மட்டும் குத்தாதீர்கள்.

விடியும்போது இடப்பக்கம் திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் ஒரு நேர்த்தியான முக்கோணமாகப் பள்ளத்தாக்கைத் தாண்டி நீண்டு கிடக்கும். அதற்காகவே ஒரு நிமிடம் நிற்கலாம். ஆனால் வெயில் ரெட் பேங்க்ஸைத் தொட்டுச் சூடேற்றிய பிறகு அந்தப் பாறை உதிரத் தொடங்கும். ஆகவே ஹார்ட் அருகே உட்கார்ந்து ஓய்வெடுக்கவே கூடாது. மேலிருந்து கல் வந்தால் தொண்டை கிழிய "ராக்!" என்று கத்துங்கள், அங்கே எல்லோருக்கும் புரிகிற சொல் அது. கத்தல் கேட்டால் முதுகைக் காட்டாமல் கல் வரும் திசையைப் பார்த்து விலகுங்கள். பனியில் உருளும் கல் சத்தமே போடாது.

ரெட் பேங்க்ஸ் தாண்டினால் ஆபத்து குறைகிறது, சோர்வு கூடுகிறது. மிசரி ஹில்லின் மேல்முனையை உச்சி என்று நம்பி ஏறி, அங்கே போனதும் இன்னும் தூரம் இருப்பதைப் பார்த்துப் பலர் மனமுடைகிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் ஏமாற்றம் இல்லை. பனிவெளியைக் கடக்கும்போது கந்தக வாடை மூக்கில் ஏறும். உச்சிக்கு அடியில் எரிமலையின் ஆவித்துளைகள் இன்னும் புகைகின்றன. 1875 ஏப்ரல் 30 அன்று இயற்கை ஆய்வாளர் ஜான் மியூரும் ஜெரோம் ஃபே என்பவரும் அழுத்தமானி அளவுகள் எடுக்க உச்சிக்கு வந்து, திடீர்ப் புயலில் மாட்டிக்கொண்டார்கள். அன்றிரவு முழுக்க அந்த ஆவித்துளைகளின் சுடுசேற்றில் படுத்தே உயிர் பிழைத்தார்கள், அடிப்பக்கம் வெந்தது, மேல்பக்கம் உறைந்தது. அதுவும் வசந்தகாலப் பயணம்தான். காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது.

பகல் பன்னிரண்டு மணி என்பது கடைசி எல்லை. நான் பதினொன்று என்றே வைத்துக்கொள்வேன். உச்சி நூறடி தூரத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்ப வேண்டும். இதை மேலே போய் முடிவெடுக்க முடியாது, அங்கே மூளைக்கு ஆக்சிஜன் குறைவு, ஆசை அதிகம். சனிக்கிழமை மாலையே குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டு வையுங்கள். யாராவது ஒருவர் திரும்பலாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்புவது என்றும் பேசி வையுங்கள். தனியாக யாரையும் இறங்க விடாதீர்கள்.

இறக்கம்

மிசரி ஹில்லுக்குக் கீழே மேகம் சூழ்ந்தால் வழி தவறுவது மிக எளிது. இறங்கும்போது வலப்பக்கம் ஒதுங்கினால் விட்னி பனியாறு, இடப்பக்கம் ஒதுங்கினால் கொன்வாகிட்டன் பனியாறும் மட் க்ரீக் பள்ளமும். இரண்டுமே வெடிப்புகள் நிறைந்த இடங்கள். ஏறும்போதே போனில் பாதையைப் பதிவு செய்து, எந்த இடுக்கு வழியாக மேலே வந்தீர்கள் என்று திரும்பிப் பார்த்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று சாகும், போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

ரெட் பேங்க்ஸுக்குக் கீழே வந்ததும் உட்கார்ந்து சறுக்கும் ஆசை வரும். கிளிசேட் என்ற இந்த முறையில் ஏழு மணி நேரம் ஏறிய களைப்பு பறந்துவிடும், ஹெலன் லேக் வரை கிட்டத்தட்ட இரண்டாயிரம் அடி வழுக்கிக்கொண்டு வரலாம். ஆனால் இந்த மலையில் கால் முறிவதும் இங்கேதான். முதல் விதி: கிராம்பானைக் கழற்றாமல் சறுக்கவே கூடாது. சமமான இடம் பார்த்துக் கழற்றிப் பையில் கட்டுங்கள். அடுத்து, பனி இளகியிருக்கிறதா என்று குதிகாலால் பாருங்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் சறுக்காமல் கிராம்பானோடு நடந்து இறங்குங்கள். முன்னால் போனவர்களின் தடத்தில் உட்கார்ந்து, முட்டியை லேசாக மடக்கி, ஆக்ஸின் அடிமுனையை இடுப்புக்குப் பக்கத்தில் பனியில் அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். தடம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சறுக்காதீர்கள். இருவருக்கு இடையே நல்ல இடைவெளி விடுங்கள்.

அடிபட்டால் 911. மலையின் இந்தப் பக்கத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்கும், எல்லா இடத்திலும் அல்ல. குழுவுக்கு ஒரு சாட்டிலைட் கருவி இருந்தால் நிம்மதி. மீட்புக் குழு வர மணிக்கணக்கில் ஆகலாம், அதுவரை அடிபட்டவரை வெறும் பனிமேல் கிடத்தாமல் மெத்தையோ பையோ விரித்து, இருக்கிற ஜாக்கெட்டை எல்லாம் போர்த்துங்கள்.

ஹெலன் லேக்கில் கூடாரத்தைப் பிரித்து இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கீழே பனி கூழாகியிருக்கும், பாறைகளை ஒட்டிய இடங்களில் அடியில் பொத்தலாக இருக்கும், தொடை வரை உள்ளே போகும். அவற்றை விட்டு விலகி நடங்கள். மாலை ஐந்து மணி வாக்கில் காருக்கு வந்து சேர்ந்துவிடலாம். கழிவுப் பைகளை அங்குள்ள தொட்டியில் போடுங்கள்.

ஒரு மணிக்கு எழுந்து பதினைந்து மணி நேரம் நடந்த உடம்போடு ஐந்து மணி நேரம் ஐ-5-இல் வண்டி ஓட்டுவது மலையைவிட ஆபத்து. திங்கள்கிழமை அரைநாள் விடுப்பு முன்பே சொல்லி வையுங்கள், அன்றிரவு ஷாஸ்டா ஊரிலோ ரெட்டிங்கிலோ ஓர் அறை எடுங்கள். வாடகைப் பொருட்களைத் திங்கள் காலை கொடுத்துவிட்டுப் போகலாமா என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.